மைசூரில் பல் பார்த்த அத்தை

வெளிநாடு போய்வந்த பங்குச் சாமியார் லூர்து மாதா கெபிக் குகையில் ஊறுகிற தண்ணீரை ஒரு சின்னப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் விட்டார். எல்லோரும் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் அத்தை மட்டும் இரண்டு தடவை சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க சாமி. ஆனா நம்ம கெணத்துத் தண்ணி மாதிரி வரலீங்க" என்றாள்.

சாமியார் புட்டியை மூடி அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பக்தியில்லாதவள் என்று அத்தையை யாரும் சொல்லிவிட முடியாது. பெற்ற ஒரே மகளுக்கு லூர்து மேரி என்று பேர் வைத்தவள் அவள். ஆனால் மாதாவே நேரில் வந்து கேட்டிருந்தாலும் தண்ணீர் விஷயத்தில் அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்த அக்கா. நல்லம்பள்ளியிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கரும்பாறையை வெட்டித் தோண்டிய கிணறு. மாமா கட்டிய தாலியைவிட அவருடைய கிணற்றின்மேல்தான் அவளுக்கு அபிமானம் அதிகம் என்று அப்பா கிண்டல் செய்வார். எந்த ஊருக்குப் போனாலும் அந்தத் தண்ணீர் கூடவே போகும். கல்யாணத்துக்கென்றால் ஒரு தூக்குப்போசி நிறைய. ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தால் பித்தளைக் குடம், வாயில் ஈரத்துணி கட்டி. தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் குடத்தை அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் "என்ன, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாள். எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை ஒரே ஒரு தடவை குடித்துப் பார்த்திருக்கிறாள்.

"சப்புன்னு இருக்குதே அம்மிணி. தண்ணின்னா ஒரு பிடிமானம் வேண்டாமா?" என்று என் அம்மாவிடம் கேட்டாள்.

பிடிமானம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த அத்தனை பேருடைய பல்லையும் அது பிடித்துக்கொண்டுவிட்டது. காவிக்கல்லைத் தேய்த்த மாதிரி ஒரு நிறம், நடுவில் சுண்ணாம்புத் திட்டு. அத்தைக்கு அப்படி, மாமாவுக்கு அப்படி, லூர்துவுக்கு அப்படி. எட்டு வயசுவரை அத்தை வீட்டில் வளர்ந்ததால் என் முன்பற்களும் அப்படித்தான். அந்த ஊரில் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. பல் என்றால் அந்த நிறம். சுற்றுவட்டத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களிலும் அதே பாறை, அதே தண்ணீர், அதே பல்.

அப்படியானால் வெள்ளைப் பல்லுக்கு என்ன விளக்கம்? அதையும் அத்தை யோசித்து வைத்திருந்தாள். வெள்ளையாக இருந்தால் அது கட்டின பல். தாசில்தாருக்கு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு, அம்மை குத்த வருகிற நர்சம்மாவுக்கு, பங்குச் சாமியாருக்கு, எல்லோருக்கும் கட்டின பல்தான்.

"சர்க்கார் உத்தியோகத்துக்கு எடுத்த ஒடனே இருக்கற பல்லையெல்லாம் புடுங்கிட்டு வெள்ளையா கட்டி உட்டுருவாங்க. நாலு பேரு முன்னால நின்னு பேசறவங்க, ஒரு மரியாத வேணுமில்ல?" என்பாள். தாலுகா ஆபீசில் இருக்கிற அப்பாவுக்கு மட்டும் ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "அவனுக்கு இன்னும் பெரிய உத்தியோகம் வரலியே" என்பாள்.

டவுன்காரர்கள் காசு இருப்பதால் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சினிமா நோட்டீசில் சிரிக்கிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தாசில்தாரின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லாததால் அத்தையை மறுத்துப் பேச ஆளில்லை.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா சேலத்துக்காரி. அப்பா தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்த கல்யாணம். அத்தைக்கு அம்மாமேல் இருந்த கரிசனம் தெருவுக்கே தெரியும். எங்களுக்கெல்லாம் முறுக்கை அப்படியே கொடுப்பாள், அம்மாவுக்கு மட்டும் மோரில் நனைத்துக் கொடுப்பாள். கறிக்குழம்பில் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி அம்மா தட்டில் வைப்பாள். பொங்கலுக்குக் கரும்பு வெட்டினால், "அம்மிணிக்கு வேண்டாம், அவளுக்கு வெல்லம் இருக்குது" என்று எடுத்து மறைத்துவிடுவாள். "என் நாத்தனார் மாதிரி ஒரு தங்கமான மனுஷி எங்கயும் கெடையாது" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். பாவம், முறுக்குக்கும் கரும்புக்கும் அம்மா ஏங்கியதும் எனக்குத் தெரியும்.

லூர்துவுக்கு இருபத்திரண்டு முடிந்தது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் வெளியூர்க்காரர்கள். காப்பி குடித்தார்கள், பெண் வந்து நின்றாள், ஏதோ கேட்டார்கள், அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "கடுதாசி போடறோமுங்க" என்று எழுந்து போனவர்கள் போனவர்கள்தான். லூர்துவின் பெரிய சொத்தும் சிரிப்பு, பெரிய ஆபத்தும் சிரிப்பு. ஆடு தும்மினால்கூடச் சிரிப்பாள். மூன்று இடமும் ஏன் தட்டிப்போயிற்று என்று அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அத்தைக்கு மட்டும் தெரியாது.

"எங்கூட்டுத் தண்ணியக் குடிச்சு வளந்த ஒடம்பு. இந்தத் தெடமான பொண்ணப் பாத்து அவனுவ பயந்துக்கறானுவ" என்றாள்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. அரூரில் புளி மண்டி வைத்திருந்த ஒருத்தருக்கு மனைவி தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வயசு நாற்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள். அவர் தரப்பில் கேட்டிருந்தார்கள். இந்த மாசம் முடிவதற்குள் வேறு இடம் அமையாவிட்டால் அரூருக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். லூர்து அன்றைக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அப்பா பதறிப்போனார்.

அப்பாவுடைய ஆபீஸ் சினேகிதர் மூலமாக மைசூரில் ஓர் இடம் வந்தது. தாத்தா காலத்திலேயே கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து போய் அங்கே தங்கிவிட்ட நம்ம சனம், வேதக்காரர்கள். பையனுக்கு அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊருக்கே தெரிகிறது, நாலாவது தடவையும் அப்படி ஆனால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் நாங்கள் குடும்பத்தோடு மைசூர் பார்க்கப் போவது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது அவர்கள் 'எதேச்சையாக' எதிரில் வருவது என்று ஏற்பாடு. ரெண்டாம் சனிக்கிழமை லீவும் ஞாயிறும் சேர்ந்து வந்தது. மாட்டையும் வயலையும் பார்த்துக்கொள்ள மாமா நின்றுவிட்டார். அப்பா, அம்மா, அத்தை, லூர்து, நான் என்று ஐந்து பேர். குடத்தையும் சேர்த்தால் ஆறு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே லூர்துவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்து உதட்டைப் பிரிக்காமல் சிரிக்கக் கற்றுக்கொடுத்தாள். லூர்துவும் பழகினாள். பழகிய சிரிப்பை, முந்தின நாளே குடத்தோடு வந்து சேர்ந்த அத்தை பார்த்து, "ஏன் கண்ணு, வயித்த வலிக்குதா?" என்று கேட்டு, கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடியற்காலை சேலத்திலிருந்து பெங்களூர் போகிற பஸ். கண்டக்டர் குடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னாம்மா?"

"தண்ணிங்க."

"பெங்களூர்ல தண்ணி இல்லியா?"

"இருக்கும். அது உங்க தண்ணி" என்றாள் அத்தை.

ஓசூர் தாண்டுகிறவரை குடம் அவள் மடியில்தான் இருந்தது. பெங்களூரில் ரயில் ஏறி மைசூர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் இறங்கினோம். பக்கத்து ஓட்டல்காரரிடம் அத்தை ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, இதில் காப்பி போட்டுக் கொடுக்கச் சொன்னாள். அவர் சொம்பை வாங்காமல் எட்டிப் பார்த்து, "ஏனம்மா இது?" என்றார் கன்னடத்தில். எல்லைப்புறத்து ஊரென்பதால் அத்தைக்கும் நாலு வார்த்தை வரும். "நீரு. நம்ம நீரு" என்றாள் பெருமையாக. எப்படியோ காப்பி வந்தது. அப்பா எங்களைத் தெரியாதவர் போல வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் பெரிய கோவிலில் பூசை கன்னடத்தில் நடந்தது. லூர்து என்ன வேண்டிக்கொண்டாளோ, கண்ணைத் திறக்கவே இல்லை. பூசை முடிந்து படியிறங்கினோம். ஏற்பாட்டின்படியே ஒரு அம்மாள், ஒரு பையன், அவன் தங்கை, மூன்று பேரும் எதேச்சையாக எதிரில் வந்தார்கள். அப்பா எதேச்சையாக, "அடடே, நீங்க..." என்றார். அவரைப் போல மோசமாக நடித்த ஒருத்தரை நான் பார்த்ததில்லை. சரி, அரண்மனை வாசல்வரை சேர்ந்தே நடப்போம் என்று பேச்சு வந்தது.

பையன் நல்ல சிவப்பு, சுருட்டை முடி, விரல் நுனியில் அச்சு மை. லூர்துவை ஒரு தரம் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான், பிறகு சிரித்தான். இரண்டு வரிசைப் பல்லும் அரிசி மாதிரி வெளேரென்று இருந்தது. லூர்து அம்மா சொல்லிக்கொடுத்த மூடின சிரிப்பைச் சிரித்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். "புடிச்சிருக்குதா?" என்று காதோடு கேட்டேன். என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். புரிந்துகொண்டேன்.

அரண்மனைக்கு எதிரே மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு. அத்தை அதில் உட்காரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள். நானும் போனேன்.

"தம்பி, இந்த எடம் வேண்டாண்டா" என்றாள்.

"ஏங்க்கா? பையன் தங்கமா இருக்கறான்."

"எல்லாமே கட்டுனதுடா."

"என்ன கட்டுனது?"

"பல்லுடா! மேல கீழ ரெண்டும். இருவத்தாறு வயசுல ஒரு பல்லுகூட மிச்சமில்ல. ஆத்தாளுக்கும் கட்டுனது, தங்கச்சிக்கும் கட்டுனது. அந்தப் புள்ளைக்குப் பதினாறு வயசு இருக்குமா? பல்லுக் கொட்டற வமுசம்டா இது. நாளைக்கி நம்ம பொண்ணு வயித்துல பொறக்கறதுக்கும் கொட்டிச்சுன்னா?"

அப்பா தாலுகா ஆபீசில் எத்தனையோ மனுக்களைப் பார்த்தவர், இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. பையனின் அம்மா என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு பொகையில போடுமா?" என்று கேட்டிருக்கிறார். அவரும் பூசைக்கு வந்திருக்கிறார்; லூர்து நன்மை அப்பம் வாங்க வாயைத் திறந்தபோது பார்த்துவிட்டார் போல. நாம் எத்தனை உதட்டைத் தைத்தாலும் ஆண்டவர் முன்னால் திறந்துதானே ஆக வேண்டும்!

அம்மா பதறிப்போய், "அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க! அது அந்த ஊர்த் தண்ணிங்க. எங்க சேலத்து டாக்டரே சொல்லியிருக்கறாரு. தண்ணியில இருக்கற ஏதோ உப்பு, சின்ன வயசுலருந்து குடிச்சா பல்லு இப்படி ஆயிருதாம்" என்றாள். பதற்றத்தில் குரல் உயர்ந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் நின்ற அத்தையின் காதில் 'தண்ணி' என்ற சொல் விழுந்தால் சும்மா இருப்பாளா?

"என்ன அம்மிணி சொன்ன? எங்க தண்ணியையா சொன்ன?" என்று வந்து நின்றாள்.

"அண்ணி, கொஞ்சம் இருங்க..."

"நீ பேசாத. உனக்கு இருக்கற கஷ்டம் எனக்குத் தெரியாதா? வெளிய சொன்னா மனசு சங்கடப்படுவியேன்னுதான பதினெட்டு வருசமா வாயத் தொறக்காம முறுக்க மோர்ல நனச்சிக் குடுத்துட்டு வரேன்?"

"முறுக்கா? எதுக்கு அண்ணி?"

"உனக்குந்தான் கட்டுன பல்லாச்சே!"

பதினெட்டு வருஷத்து நனைந்த முறுக்கும், காணாமல் போன கரும்பும், எலும்பில்லாத கறியும் அம்மாவின் கண்முன்னால் வரிசையாகப் போயிருக்க வேண்டும். பிறகு அவளுக்கு வந்ததே கோபம்!

"எனக்கா? எனக்கா பொய்ப்பல்லு? இந்தாங்க, இழுத்துப் பாருங்க!" என்று அத்தையின் முன்னால் வாயைத் திறந்தாள்.

அத்தையும் இழுத்தாள். மைசூர் அரண்மனைக்கு எதிரே, பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவில், என் அத்தை இரண்டு விரலால் என் அம்மாவின் முன்பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு காலைக் கல் பெஞ்சில் முட்டுக்கொடுத்துக்கூட இழுத்தாள். வரவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடித்தாள். அதுவும் வரவில்லை. கீழ்வரிசையைப் பிடித்தாள். பலூன் விற்கிறவர் நின்றுவிட்டார். குதிரை வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்பா அரண்மனைக் கோபுரங்களை எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் லூர்துவின் அணை உடைந்தது. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வந்தது. கை மறைக்கவில்லை, உதடு மூடவில்லை. அத்தனை காவிப் பல்லும் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போச்சு, அரூர்தான் என்று நினைத்தேன்.

அத்தை விரலை எடுத்துவிட்டாள். எடுத்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த பையைத் திறந்து பொரிவிளங்காய் உருண்டை ஒன்றை எடுத்தாள். வழிக்கென்று அவளே பிடித்துக்கொண்டு வந்தது. பாகு முற்றிப்போனதால் நாங்கள் யாரும் தொடவில்லை. சுவரில் எறிந்தால் சுவர்தான் பெயரும்.

"தம்பி, இதக் கடிங்க" என்று பையனிடம் நீட்டினாள்.

பையன் தன் அம்மாவைப் பார்த்தான், லூர்துவைப் பார்த்தான், உருண்டையைப் பார்த்தான். வாங்கிக் கடித்தான். 'படீர்' என்று ஒரு சத்தம். உடைந்தது பல்லா உருண்டையா என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. அவன் மென்று விழுங்கியபிறகுதான் உருண்டை என்று தெரிந்தது.

அத்தை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தாள். அரண்மனையை அவள் பார்க்கவே இல்லை. போகிறவர் வருகிறவர் வாயைப் பார்த்தாள். பலூன்காரர் வாய். சோளக்கதிர் கடித்துக்கொண்டு போன பெண்களின் வாய். ஒரு தகப்பன் தோளில் உட்கார்ந்து கத்திக்கொண்டு வந்த குழந்தையின் வாய். ஐந்து வயசுகூட இருக்காது அதற்கு.

"தம்பி, அஞ்சு வயசுப் புள்ளைக்குக் கட்டுவாங்களா?" என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கட்ட மாட்டாங்கக்கா."

"அப்ப இந்தூர்ல எல்லாருக்குமே இப்படித்தானா?"

"நம்ம பக்கந்தாங்க்கா அப்படி."

அப்போது அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. காலையில் குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வந்த தூக்குப்போசியைக் கல் பெஞ்சில் வைத்தாள். அவள் நேராகப் பையனின் அம்மாவிடம் போய் நின்றாள்.

"எம்பொண்ணு பொகையில போடறவ இல்லீங்க. அவமேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் பெத்த நாள்லருந்து நாந்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தேன். மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க, எதுக்குப் போனாங்கன்னு இப்பத்தாங்க எனக்குத் தெரியுது. என்னையத் திட்டுங்க. புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றாள்.

லூர்துவின் சிரிப்பு நின்றுபோய்விட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

அப்போது பையன் அத்தையிடம் கையை நீட்டினான்.

"இன்னொண்ணு இருக்குதுங்களா?"

அவன் கேட்டது உருண்டையைத்தான். ஆனால் பார்த்தது லூர்துவை. அவன் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். "வூட்ல ஒரு வா சோறு அதிகமா வாங்க மாட்டான். இந்தக் கல்ல ரெண்டாவது கேக்கறான்னா, அப்புறம் நான் என்னத்தச் சொல்றது?" என்றார். அத்தை பையைத் தலைகீழாகக் கொட்டி, இருந்த பதினோரு உருண்டையையும் அவன் கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தாள். மைசூர் அரண்மனையின் உள்ளே எங்களில் யாருமே போகவில்லை. அதற்கு நேரமும் இல்லை, நினைப்பும் இல்லை.

திரும்பி வரும்போது குடத்தில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அத்தை அதைக் கீழே கொட்டவில்லை. ஓசூரில் பஸ் நின்றபோது லூர்து தாகமாக இருக்கிறது என்று சொம்பை நீட்டினாள். அத்தை குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "தம்பி, புள்ளைக்கு ஒரு சோடா வாங்கிக் குடு" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு அவள் மட்டும் துணியை விலக்கி ஒரு வாய் குடித்தாள். அம்மா வழியெல்லாம் அவளிடம் பேசவில்லை. தருமபுரியில் இறங்கியதும் முதல் வேலையாக பஸ் ஸ்டாண்டில் ஒரு முழுக் கரும்பு வாங்கி, அத்தையின் எதிரே நின்று கடித்துத் தின்றாள்.

கல்யாணச் சீரில் அந்தப் பித்தளைக் குடமும் போயிற்று. வெறுங்குடமாக அனுப்பக் கூடாது. கிணற்றுத் தண்ணீரைத்தான் நிரப்பி அனுப்புவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. அத்தை பச்சரிசியை நிரப்பினாள்.

அடுத்த வருஷம் லூர்து முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் மாற்ற முடியாத வழக்கம். அத்தை மகளை அழைத்துவரப் போகவில்லை. "பெத்த ஒரே மவளுக்கு ஒரு பிரசவம் பாக்க வக்கில்ல, அப்படியொரு கல்மனசு" என்று தெருவில் பேசினார்கள். மாமாவே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அத்தை யாருக்கும் காரணம் சொல்லவில்லை. தானே மைசூருக்குக் கிளம்பினாள். அன்றைக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நான்தான் அவளை ஏற்றிவிட்டேன். ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. குடம் இல்லை, தூக்குப்போசியும் இல்லை. வெறுங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம் அந்தத் தண்ணியக் குடிச்சிருவீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"சப்புன்னுதான் இருக்கும். என்ன பண்றது?" என்றாள்.

பிள்ளையைப் பார்க்க அவள்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை மைசூருக்குப் போனாள். அவர்களை ஊருக்கு வரவிடவில்லை. முன்பல்லாவது விழுந்து முளைக்கட்டும், அப்புறம் வரலாம் என்றாள். இடையில் ஒருநாள் ஜீப்பில் நாலு பேர் வந்து ஊர்க் கிணறுகளிலெல்லாம் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள். பல்லில் கறை விழுகிற உப்பு இருக்கிறதா என்று சோதிக்கப் போகிறோம் என்றார்கள். "இதுக்கு எதுக்குங்க புட்டி? எனக்கு மைசூர்லயே தெரிஞ்சுபோச்சே" என்று அத்தை சொன்னாளாம். வந்தவர்கள் மைசூரில் ஏதோ பெரிய பரிசோதனைச்சாலை இருப்பதாக நினைத்து எழுதிக்கொண்டு போனார்கள்.

பேரன் ஏழு வயசில்தான் முதல்முதலாக ஊருக்கு வந்தான். நானும் போயிருந்தேன். லூர்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இடுப்பில் அதே பித்தளைக் குடம், வாயில் ஈரத்துணி கட்டி. பையனுக்காக மைசூரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் நானும் அவளும் சிரித்த சிரிப்பில் ஊர் கூடிவிட்டது.

அத்தை பேரனின் தாடையை நிமிர்த்தி, "வாயத் தொற கண்ணு" என்றாள். இரண்டு விரலால் முன்பல்லைப் பிடித்து ஆட்டினாள். கெட்டியாக இருந்தது. அடுத்த பல்லை ஆட்டினாள். அது கையோடு வந்துவிட்டது.

அத்தையின் முகம் செத்துப்போயிற்று. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மைசூரில் இத்தனை வருஷமும் எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த ஒரு நிமிஷம் அவள் நிச்சயமாக நம்பினாள்.

"பால் பல்லும்மா! நாலு நாளா ஆடிட்டிருந்துச்சு. அடியில பாரு, மொளச்சிருக்குது" என்றாள் லூர்து.

அத்தை குனிந்து பார்த்தாள். ஈறில் அரிசி நுனி அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவதுதான் வழக்கம். அவள் எறியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வீடாகப் போனாள். "பாத்துக்குங்க, எம்பேரன் பல்லு. கட்டுனது இல்ல, சொந்தப் பல்லு. மைசூர்த் தண்ணியில மொளச்சது" என்று முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் காட்டினாள். காட்டும்போது தன் காவிப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

சுற்றிவிட்டு வந்தவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"குடத்துல இருக்குது, ஒரு டம்ளர் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள் லூர்து.

"வேண்டாம் கண்ணு. கொழந்தைக்குப் பத்தாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அத்தை வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.